கட்டம் மாறிக் கையெழுத்திட்ட என் மகளுக்கு

என் மகளே,

உன்னை இப்படி அழைக்கக் கூச்சமாக இருக்கிறது. என்னைப் பெற்றவள் நீ. நான் அருப்புக்கோட்டையில் பதினோராம் வகுப்புப் படிப்பவள். நீ திருச்சுழிக்கு அப்பால் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. ஆனாலும் இந்தக் கடிதத்தில் நீதான் பிள்ளை, நான்தான் பெற்றவள். அம்மா என்று தொடங்கினால் அடுத்த வரியிலேயே உனக்குப் பயந்து பேனாவை மூடிவிடுவேன். வளர்ந்த பிள்ளை ஒரு காரியத்துக்காக வெளியூர் கிளம்பும்போது பெற்றவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். உனக்கு அப்படிச் சொல்ல உன் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ முன் அறையில் தூங்குகிறாய், அல்லது தூங்குகிறவள்போலப் படுத்திருக்கிறாய். நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நீ எழுந்து வந்து பார்த்தால், உன்னைக் கேலி செய்கிறேன் என்றுதான் நினைப்பாய். அந்தப் பயத்தில் குழாய் சொட்டுகிற சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

நாளை உனக்கு இரண்டாம் முறையாகத் தகுதித் தேர்வு. காலையில் பாளையம்பட்டியில் பஸ் ஏறி நாம் இருவரும் விருதுநகர் போகவேண்டும். ஹால் டிக்கெட், கறுப்புப் பந்துமுனைப் பேனா, அடையாள அட்டை எல்லாவற்றையும் நான் நேற்றே உன் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் இன்று சாப்பிடும்போது, தோசையைப் பிய்த்துக்கொண்டே, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நீ சொன்னாய்: "நாளைக்கு நான் போகல. திங்கக்கெழம வட்டாரக் கல்வி ஆபீஸுல விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

அப்பா கையில் எடுத்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ஏ பாண்டியம்மா, யோசிச்சுத்தான் பேசுறியா?"

"யோசிச்சாச்சு. அவுக வெளிய அனுப்புறதுக்கு முன்னால நானா வந்துட்டேன்னு இருக்கட்டும்."

"இம்புட்டு நாளு படிச்சது?"

"படிச்சதெல்லாம் எங்க போகப்போகுது? பாப்பாவுக்குச் சொல்லிக் குடுப்பேன்."

"பாப்பாதான உனக்குச் சொல்லிக் குடுத்துச்சு" என்றார் அப்பா. மற்ற நாளாக இருந்தால் நீ சிரித்திருப்பாய். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். அப்பாவுக்குக் கரி லோடு வண்டியை மதுரைக்கு ஓட்டவேண்டியிருந்தது. கிளம்பும்போது வாசலில் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நீ பேசிப் பாரு தாயி. நான் பேசுனா சண்டையாப் போயிரும்" என்றார். எனக்கும் நேரில் பேசத் துணிச்சல் இல்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

இந்தத் தேர்வு வந்த வழியை நீயும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று நாம் நினைத்திருந்த தகுதித் தேர்வை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் எழுதித் தேறவேண்டும் என்றாகிவிட்டது. குறித்த காலத்துக்குள் தேறாதவர்கள் வேலையை விட்டுப் போகவேண்டும். ஓய்வுக்குச் சில வருடங்களே மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. உன் பள்ளியில் இருப்பது இரண்டே ஆசிரியர்கள், நீயும் தலைமையாசிரியரும். அவர் அந்த விலக்குக்குள் வந்துவிட்டார், நீ வரவில்லை. செய்தி வந்த அன்று அப்பா சொன்னதை நினைத்துப் பார்: "இத்தன வருசம் லோடு வண்டி ஓட்டுறேன். இப்ப வந்து லைசென்சுக்கு மறுபடி எட்டுப் போடச் சொன்னா நான் கம்பியத் தட்டிருவேன்த்தா. நெசமாத்தான் சொல்றேன். ரோட்டுல ஓட்டச் சொல்லு, ஓட்டுறேன். மைதானத்துல எட்டுப் போடுறது வேற." நீ அன்று சிரித்துக்கொண்டே, "நான் தட்ட மாட்டேன். பரீட்ச ஹால்தான எனக்கு ரோடு" என்றாய். எனக்கு அந்த வாக்கியம் மறக்கவே இல்லை.

அது உண்மையும்கூட. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வாகட்டும், வேலைக்கான போட்டித் தேர்வாகட்டும், அறைக் கண்காணிப்புக்கு ஆள் வேண்டுமென்றால் உன்னைப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையில்கூட நரிக்குடிக்கும் காரியாபட்டிக்கும் போய் வந்திருக்கிறாய். பெஞ்சு பெஞ்சாக நடந்து, தாளில் உள்ள பெயரையும் எண்ணையும் ஹால் டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்து, கண்காணிப்பாளர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகரவேண்டும். 'வே. பாண்டியம்மாள்' என்று தமிழில், முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் புள்ளியைச் சற்று அழுத்தி வைப்பாய். எத்தனை பேரின் தாளில் அந்தப் புள்ளி இருக்கிறதோ.

நாம் படித்த மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும், ஏனென்றால் அப்போதுதான் நான் உனக்குப் பெற்றவள் ஆனேன். என்னைப்போல் ஒரு பிள்ளையை வளர்த்த உனக்கு, உன்னைப்போல் ஒரு பிள்ளை எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. கரண்டு போனால், "டீச்சர், லீவு விடுங்க டீச்சர்" என்று புத்தகத்தை மூடுவாய். கணக்கும் தமிழும் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதி வந்தால் மட்டும் சண்டைக்கு வருவாய். ஒரு கேள்வி: வகுப்பில் ஒரு குழந்தை அடிக்கடி தூங்கினால் ஆசிரியர் முதலில் என்ன செய்யவேண்டும்? நான் நான்கு விடைகளையும் வாசித்தேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "நாலும் தப்பு" என்றாய்.

"நாலும் எப்படிம்மா தப்பா இருக்கும்?"

"விறகச் சுட்டுக் கரிமூட்டம் போடுற வீட்டுப் பிள்ள அது. ராத்திரியெல்லாம் அப்பனோட மூட்டத்துக்குக் காவல் இருந்திருக்கும். பாய விரிச்சு மத்தியானம் வரைக்கும் தூங்க விடணும்."

"அது ஆப்சன்ல இல்ல."

"அப்ப கேள்வி தப்பு."

"கேள்வி தப்பில்ல. நீ படிக்கல. 'தூங்குவதற்கான காரணத்தை அறிதல்' அப்பிடின்னு இருக்குல்ல, நீ சொன்னதுதான் அது!" என்று நான் கத்திவிட்டேன். நீ முறுக்கை அப்படியே வைத்துவிட்டு, புத்தகத்தை இழுத்து ஒருதரம் வாசித்து, "அட, ஆமா" என்றாய். அன்று மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்தி உன்னிடம் கொடுத்தபோது, மேலே ஒரு கட்டம் போட்டு, 'பெற்றோர் கையொப்பம்' என்று எழுதி என்னிடமே நீட்டினாய். "போடுங்க. வீட்டுல காட்டாம வந்தா டீச்சர் திட்டுவாக." நான் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் போட்டேன்.

முதல் தேர்வு நாளன்று விருதுநகரில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் உன் கைப்பையையும் செல்போனையும் வாங்கிக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக் கைக்குழந்தையோடு நின்றதெல்லாம் தேர்வெழுதப் போனவர்களின் கணவர்கள். காவலுக்கு நின்ற போலீஸ் அக்கா என்னைப் பார்த்து, "ஏம் பாப்பா, பரீட்சைக்கு வந்தியா? உன் பேரண்ட் எங்க?" என்றார். "நான்தான்க்கா பேரண்ட். பரீட்ச எழுதுற பிள்ள உள்ள போயிருச்சு" என்றேன். அவர் சிரித்து எனக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நீ வெளியே வந்ததும் உன்னிடம் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். நீ வந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பஸ் பாதி வழி வரும்வரை நீ ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய். தாள் கைக்கு வந்தது. பெயரைப் பார்த்தாய், எண்ணைப் பார்த்தாய், சரியாக இருந்தது, கட்டத்தில் கையெழுத்துப் போட்டாய். எந்தக் கட்டம் என்று உன் கை கேட்கவில்லை. அது கண்காணிப்பாளர் கட்டம். அறைக் கண்காணிப்பாளராக வந்த சின்னப் பெண் உன் பெஞ்சுக்கு வந்து தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, என் எடத்துல நீங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டூட்டி பாக்க வந்தவுக போல, மறந்து உக்காந்துட்டாக" என்றது. அறை சிரித்தது. முதன்மைக் கண்காணிப்பாளர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தாள் செல்லுமா என்பதை மேலே கேட்டுத்தான் சொல்லமுடியும், நீங்கள் எழுதுங்கள் என்றார். நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில் விளக்கமாக எழுதி வாங்கிக்கொண்டார். 'நான் ஆசிரியை, கண்காணிப்புப் பணி செய்த பழக்கத்தால்' என்று எழுதிக் கொடுத்தாய். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லாத" என்றாய். நானும் சொல்லவில்லை. பள்ளியில் கேட்டவர்களிடம், காய்ச்சலில் சரியாக எழுதவில்லை என்று சொன்னாய்.

முடிவு வந்தபோது தாள் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டிருந்தார்கள். தேர்ச்சிக்குக் கொஞ்சம் குறைந்தது. மகளே, இதை நீ கவனிக்கவேண்டும். கையெழுத்து மாறியதால் நீ தோற்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு நீ நிரப்பிய ஒவ்வொரு வட்டத்திலும், இதுவும் தப்பான இடமோ என்று சந்தேகப்பட்டு நின்றிருக்கிறாய். கேள்வித்தாளை வீட்டில் வைத்து நான் கேட்டபோது நீ யோசிக்காமல் சரியாகச் சொன்ன பலவற்றை, அங்கே நிரப்பாமலே விட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் போனது பாடம் இல்லை.

அதன் பிறகுதான் நான் பயப்படத் தொடங்கினேன். கூரியர்க்காரர் வந்து, "டீச்சர், ஒரு கையெழுத்து" என்றால், "பாப்பா போடும்" என்று உள்ளே போய்விடுகிறாய். உங்கள் தலைமையாசிரியர் அப்பாவுக்குப் போன் செய்து, "உங்க வீட்டம்மா இப்பல்லாம் பதிவேட்டுல இனிசியல் மட்டும்தான் போடுறாக, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் ரேங்க் கார்டை நீட்டியபோது மதிப்பெண்ணை எல்லாம் வரி வரியாகப் பார்த்தாய், வேதியியலில் ஏன் குறைந்தது என்று கேட்டாய், பேனாவை எடுத்தாய், பிறகு மூடிவிட்டு, "அப்பா வந்ததும் வாங்கிக்க" என்றாய். முதல் வகுப்பிலிருந்து என் எல்லா ரேங்க் கார்டிலும் இருப்பது உன் கையெழுத்து. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

நான் உன் பள்ளியிலேயே படித்தவள். வாசலுக்கு வெளியே அம்மா, உள்ளே டீச்சர் என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிப்போவாய். நாலாம் வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் எச்சிலைத் தொட்டு அழித்தேன். தாள் கிழிந்தது. நீ என் காதைத் திருகுவாய் என்று நினைத்தேன். என்னை மேசைக்குக் கூப்பிட்டு, ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினாய். அதில் ஓர் இடத்தில் நீ தேதி மாற்றிக் கையெழுத்திட்டிருந்தாய். அதன்மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருந்ததை நன்றாக வாசிக்க முடிந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் உன் சுருக்கொப்பம். "அழிக்கக்கூடாது. ஒரு கோடு போடு, பக்கத்துல சின்னதா இனிசியல் வையி, அப்புறம் சரியான எடத்துல சரியா எழுது. தப்பா எழுதுனதும் நான்தான், திருத்துனதும் நான்தான்னு பாக்குறவுகளுக்குத் தெரியணும்ல" என்றாய். அரசாங்க ஆவணத்தில் அதுதான் விதி என்றும் சொன்னாய். எனக்கு அப்போது விதி புரியவில்லை. காது தப்பியது மட்டும் புரிந்தது.

எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு எழுதினேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததை அதன் வரிசையில் நிரப்பி, கடைசிவரை எல்லா வட்டமும் ஒரு வரி தள்ளிப் போய்விட்டது. அதன்பிறகு ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு தேர்வு வந்தபோது, கிளம்புகிற நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா கதவைத் தட்டினார், திட்டினார். நீ அவரை அனுப்பிவிட்டு, வெளியே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாய். வா என்று சொல்லவே இல்லை. மத்தியானத்துக்கு எலுமிச்சைச் சோறா புளிச்சோறா என்று கேட்டாய். உன் வகுப்பில் ஒருவன் ஆட்டுக்குட்டியைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த கதையைச் சொன்னாய். பிறகு, "பெயிலாகி வந்தாலும் அதே புளிச்சோறுதான். போகாம இருந்தாலும் அதேதான். போயிட்டு வந்து தின்னா பசியோட திங்கலாம்" என்றாய். நான் கதவைத் திறந்தபோது உன் சேலை முழுக்க நனைந்திருந்தது. உடை மாற்ற நேரமில்லாமல் அதே சேலையோடு என்னைப் பஸ் ஏற்றிவிட்டாய். அந்தத் தேர்வில் நான் தேறினேன் என்பது இப்போது முக்கியமில்லை. நான் போனேன்.

என் பயம் எது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ வேலையை விட்டால் நம் வீடு எப்படி நடக்கும் என்று அப்பா பயப்படுகிறார். அது அவருடையது. நாளை நீ போகாமல் இருந்துவிட்டால், அடுத்த வருடம் பொதுத்தேர்வுக்கு நான் நடுங்கும்போது, போ என்று சொல்ல உனக்கு வாய் வராது. ஈரத் தரையில் உட்கார உனக்குக் கூச்சமாகிவிடும். நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாளை நினைப்பாய், நானும் உன்னைப் பார்க்கும்போது அதையே நினைப்பேன். இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசாமலே நாம் இருவரும் வயதாகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

சட்டமன்றத்தில் தனிச்சட்டம் வரப்போகிறது, பழையவர்களுக்கு விலக்கு கிடைத்துவிடும் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒருவர் போடுகிறார். உங்கள் தலைமையாசிரியரும், "பொறுங்கம்மா, சட்டம் வந்துரும். எதுக்குக் கெடந்து அலையுறீங்க?" என்கிறார். அவருக்கு விலக்கு இருக்கிறது, அவர் பொறுக்கலாம். இந்த விதி நியாயமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் டீச்சருக்குப் பாடம் தெரியுமா என்று கேட்க உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்றுதான் தோன்றுகிறது. இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது வேலையைப் பிடித்துக்கொண்டு கேட்பது அநியாயம் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் நினைத்துக்கொண்டேதான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். சட்டம் வந்தால் வரட்டும், நானே பாயசம் வைக்கிறேன். ஆனால் எப்போதோ வரப்போகிற பஸ்ஸுக்காக, வாசலில் நிற்கிற பஸ்ஸை விட்டுவிடாதே. விருப்ப ஓய்வு என்கிறாயே, அதில் விருப்பம் எங்கே இருக்கிறது? அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கப் பயந்துகொண்டு நீ கிளம்புகிறாய். அந்தப் பின் பெஞ்சுக்காரரும் உன்னைப்போல் வேலை போய்விடுமோ என்று பயந்து வந்தவர்தான். அவர் தேறினாரா என்றுகூட நமக்குத் தெரியாது.

பெற்றவளாக நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். தாள் கைக்கு வந்ததும் பேனாவைத் திறக்காதே. மேசைமேல் வைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் கண்காணிப்பாளர் கட்டத்தை மூடிக்கொள். அந்தக் கட்டம் வேறு நாட்களில் உன்னுடையதுதான், மறுபடியும் உன்னுடையதாகும். நாளை ஒரு நாள் அது இன்னொருவருடையது. மிச்சமிருக்கிற கட்டத்தில் உன் முழுப்பெயரையும் எழுது, புள்ளியை அழுத்தி வை. அதற்குப் பிறகும் ஏதாவது தப்பாகிவிட்டால் ஆகட்டும். அந்த இடத்தோடு அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. நீ தோற்று வந்தாலும் நான் வாசலில்தான் நிற்பேன், அந்த நாற்காலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

இந்தக் கடிதத்தை என் ரேங்க் கார்டுக்குள் மடித்து உன் கைப்பையில், ஹால் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். காலையில் நீ பையைத் திறந்தால் பார்ப்பாய். திறக்காவிட்டால் அதுவே எனக்குப் பதில். ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. உன் தாள்களில் உனக்காக நான் போட்டுவிட்டேன். இதில் எனக்காக என்னையே போடச் சொல்லாதே.

உன்னைப் பெற்றவளாக இன்று ஒரு நாள் மட்டும் இருக்கத் துணிந்தவள்.

*

இந்தப் பக்கத்தின் பின்புறத்தில், விருதுநகரில் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த முறை நாற்காலி இல்லை, சுற்றுச்சுவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கண் விழித்தபோது நீ குளித்துத் தலை சீவி, அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாய். போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மதுரையிலிருந்து அப்பா போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டாய். "என்னத்தா, எட்டுப் போடப் போறியா இல்லையா?" என்றார். நீ பொட்டலம் கட்டிக்கொண்டே, "போறேன்" என்றாய். "கம்பியத் தட்டுனா வண்டிய நிப்பாட்டிராத. ஓட்டிக்கிட்டே இரு" என்றார். "உங்க யோசனைய உங்க ரோட்டுல வச்சுக்கங்க" என்று போனை வைத்தாய். பஸ்ஸில் உன் விரல்கள் கைப்பைமேல் எழுதிக்கொண்டே வந்தன.

வாசலில் பையை என்னிடம் கொடுத்தாய். ஹால் டிக்கெட்டும் பேனாவும் அடையாள அட்டையும் உன் கையில் இருந்தன. "வெயில் ஏறுனா உள்ள தள்ளி உக்காரு. பசிச்சா எனக்காகப் பாக்காத, தின்னுரு" என்றாய். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். உன் முதுகு மறையும்வரை பார்த்திருந்துவிட்டுப் பையைத் திறந்தேன்.

கடிதத்தின் மடிப்பு மாறியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தாய், நோட்டுத் திருத்துவதுபோல. சட்டத்தைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் சரி இல்லை, ஒரு கேள்விக்குறி இருந்தது. அதைப் பற்றி நாம் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம்.

பிறகு ரேங்க் கார்டைத் திறந்தேன். வகுப்பாசிரியர் கையொப்பம் என்ற கட்டத்தில், என் டீச்சர் போடவேண்டிய இடத்தில், 'வே. பாண்டியம்மாள்' என்று இருந்தது. மறுபடியும் அதே கை, அதே தப்பு. நீயோ உள்ளே போய்விட்டாய். கூப்பிட்டால் கேட்காது. எழுந்து இரும்புக் கதவுவரை ஓடிப்போய் நின்றேன். அங்கே வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தின்மேல் நேராக ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் உன் சுருக்கொப்பம். அதற்குக் கீழே, பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில், உன் முழுப்பெயர். கடைசிப் புள்ளியை இவ்வளவு அழுத்தி நீ வைத்து நான் பார்த்ததே இல்லை. அட்டையின் மறுபக்கத்தைத் தடவினால் விரலில் படுகிறது.

உள்ளே மணி அடித்துவிட்டது. இப்போது தாளைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.